சீட்டு கையில் இருக்கிறது, வரி எங்கே போனது?

கேள்வி: வணக்கம் அக்கா. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பாலிடெக்னிக் மாணவன். எங்கள் வட்டாரத்துப் பெருமாள் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கொடுக்க, சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். உபுண்டு போட்ட பழைய மேசைக் கணினியில் ஓடுகிறது. பெயர், நட்சத்திரம், தொகை மூன்றையும் தட்டினால் சீட்டு அச்சாகும். அதே விவரம் ஒரு டெக்ஸ்ட் கோப்பின் கடைசியில் ஒரு வரியாகச் சேரும். சீட்டு ஒன்று 5 ரிங்கிட். புரட்டாசி சனிக்கிழமை நல்ல கூட்டம். மத்தியானம் இடி இடித்து கரண்ட் ட்ரிப் ஆகிவிட்டது. கரண்ட் வந்ததும் கோப்பைப் பிரதி எடுத்துப் பார்த்தேன். அளவு 12,288 பைட். முழு வரிகள் 187. அதற்கடுத்த வரி பாதியில் நிற்கிறது, கடைசி எழுத்து கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமாகத் தெரிகிறது. கவுண்டரில் கிழித்து வைத்த மறுபாதிகளை எண்ணினால் 241. சீட்டு எண்ணை வைத்திருந்த இன்னொரு கோப்பு சுத்தமாகக் காலி, அதனால் சாயங்காலம் எண் மறுபடி 1லிருந்து தொடங்கியது. வீட்டில் எத்தனையோ முறை சோதித்தேன், ஒரு வரிகூடக் காணாமல் போனதில்லை. திரையிலும் எல்லா வரியும் வந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரு நண்பன் ‘ஒவ்வொரு வரிக்கும் ஃபிளஷ் போடு’ என்கிறான். இன்னொருவன் ‘அது போதாது, கோப்பை மூடி மூடித் திற’ என்கிறான். மூன்றாமவன் ‘அப்படியெல்லாம் செய்தால் டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும்’ என்று பயமுறுத்துகிறான். பொருளாளர் ஐயா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். நிரலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பிரதியை எடுத்து வைத்ததற்கு ஒரு சபாஷ். பலர் பதற்றத்தில் நிரலை மறுபடி ஓட்டி, இருக்கும் தடயத்தையும் அழித்துவிடுவார்கள். நீங்கள் அனுப்பிய 12,288 என்ற எண்ணைப் பார்த்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. அது 4,096இன் மூன்று மடங்கு, ஒரு பைட் கூடவும் இல்லை குறையவும் இல்லை. மனிதர்களின் பெயரும் நட்சத்திரமும் அடங்கிய வரிகள் இவ்வளவு கச்சிதமான எண்ணில் தானாக வந்து நிற்காது. உங்கள் நிரல் வரி வரியாக எழுதவில்லை, 4,096 பைட் கொண்ட கட்டிகளாகத்தான் எழுதியிருக்கிறது.

கோப்பில் எழுதச் சொல்லும் எஃப்பிரிண்ட்எஃப் அழைப்பைப் போட்டால் அந்த வரி உடனே கோப்புக்குப் போவதில்லை. சி நூலகம் உங்கள் நிரலின் நினைவகத்திலேயே ஒரு பஃபரை வைத்துக்கொண்டு அதில் சேர்த்துவைக்கும். கடைக்குப் போகிறவர் உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று அலையாமல் பட்டியல் சேரும்வரை காத்திருப்பாரே, அந்தச் சிக்கனம்தான். இயங்குதளத்தை ஒவ்வொரு தடவை கூப்பிடுவதற்கும் ஒரு செலவு உண்டு, அதை மிச்சப்படுத்துகிறார்கள். உங்கள் உபுண்டு லினக்ஸில் சாதாரணக் கோப்புக்கு அந்த பஃபரின் அளவு பெரும்பாலும் 4,096 பைட். அது நிரம்பும்போது மொத்தமாக ஒரு ரைட் அழைப்பு போகும். அந்த நேரத்தில் வரி எங்கே முடிகிறது, எழுத்து எங்கே முடிகிறது என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. 4,096 ஆனதா, அனுப்பு. அவ்வளவுதான்.

அந்தக் கறுப்புக் கட்டமும் இதனால் வந்ததுதான். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘கா’ என்பது க ஒன்று, துணைக்கால் ஒன்று, ஆக 6 பைட். 4,096ஐ மூன்றால் வகுத்தால் மீதி 1 வருகிறது, இடையில் ஒரு பைட் எண்களும் கோடுகளும் வேறு கலந்திருக்கின்றன. அதனால் கட்டியின் எல்லை ஓர் எழுத்தின் நடு வயிற்றில் விழுவது சர்வசாதாரணம். ஆங்கிலப் பெயர்களாக இருந்திருந்தால் வரி மட்டும்தான் பாதியில் நின்றிருக்கும். நம் எழுத்து என்பதால் எழுத்தே உடைந்து, விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த வகையில் நல்லதுதான்.

இனி கணக்கைப் பாருங்கள். நேரம், முருகன், கார்த்திகை, 5.00, நடுவில் மூன்று கோடுகள், கடைசியில் வரிமுடிவு: இப்படி ஒரு வரி 64 பைட் வருகிறது. அப்படியானால் ஒரு கட்டியில் ஏறக்குறைய 64 சீட்டுகள் அடங்கும். உங்கள் கோப்பில் காணாமல் போனவை 241லிருந்து 187 போக 54. ஒரு கட்டிக்குள் அடங்குகிற எண்ணிக்கை. கரண்ட் போன நொடியில் அந்த 54 பேரும் நான்காவது கட்டி நிரம்புவதற்காக நினைவகத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். கெட்டுப்போன டிஸ்க், வைரஸ் எதுவும் இதில் இல்லை.

பொருளாளர் ஐயாவிடம் இதையே சொல்லுங்கள். கோப்பில் உள்ள முழு வரிகளின்படி 935 ரிங்கிட்; தட்டில் 1,205 இருந்திருக்க வேண்டும். வித்தியாசம் 270, அதாவது 54 சீட்டு. காசு அதிகமாகவும் கணக்கு குறைவாகவும் இருக்கிறது. கையாடல் செய்கிறவர் இப்படி ஒரு தடயத்தை விட்டுப் போக மாட்டார். வரியை நீக்கியவர் காசையும் எடுத்திருப்பார். மறுபாதிகளில் எண்ணும் தொகையும் இருக்கின்றன அல்லவா? அவற்றை வைத்து 54 வரிகளைக் கையால் சேர்த்து, ‘மின்தடையால் விடுபட்டவை’ என்று குறிப்பெழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். சாயங்காலம் மறுபடி 1லிருந்து வந்த எண்களையும் அதே குறிப்பில் சேர்த்துவிடுங்கள். இரண்டு பேர் கையில் ஒரே எண் கொண்ட சீட்டு இருப்பது பின்னால் யாராவது கேட்கும்போது தலைவலி.

சரி, வீட்டில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? நீங்கள் ஒழுங்காக நிரலை மூடினீர்கள், அதனால்தான். நிரலின் முதன்மைப் பகுதியான மெயின் முடிந்தாலோ எக்ஸிட் கூப்பிட்டாலோ, சி நூலகம் திறந்திருக்கும் எல்லா பஃபர்களையும் காலிசெய்துவிட்டுத்தான் போகும். அந்த மரியாதையான வழியனுப்பு கரண்ட் கட்டில் கிடையாது. நிரலை அந்த நொடியே கொல்லும் கில் -9 கட்டளை போட்டாலும் கிடையாது. கண்ட்ரோல்-சி அழுத்தினாலும், நீங்களாக ஏற்பாடு எதுவும் செய்யாதவரை, கிடையாது. திரையில் எல்லா வரியும் தெரிந்தது வேறு ஒரு விதியால். வெளியீடு டெர்மினலுக்குப் போனால் நூலகம் வரிக்கு வரி அனுப்பும். கோப்புக்கோ குழாய் வழியாக இன்னொரு நிரலுக்கோ போனால் கட்டி கட்டியாகத்தான் அனுப்பும். ஆக, திரையை நம்பிக் கோப்பைத் தீர்மானிக்க முடியாது. பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎர்ருக்கு மட்டும் பஃபரே இல்லை, உடனுக்குடன் போகும். பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைச் சோதனை இயந்திரங்களின் பதிவுக் கோப்புகளோடு நான் மல்லுக்கட்டுகிறேன். அங்கும் இதே கதைதான்: இயந்திரம் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று சொல்லக்கூடிய கடைசிச் சில வரிகள்தான் எப்போதும் காணாமல் போயிருக்கும்.

இப்போது உங்கள் நண்பர்களுக்கு வருவோம். முதல் நண்பர் சொன்னது பாதி சரி. எஃப்ஃபிளஷ் என்பது நிரலின் பஃபரில் இருப்பதை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும். ஒப்படைத்தபின் உங்கள் நிரல் செத்தாலும் அந்த வரி பிழைக்கும், கில் -9 வந்தாலும் சரி. ஆனால் இயங்குதளம் மட்டும் உடனே டிஸ்க்கில் எழுதுகிறதா என்ன? அதுவும் தன் நினைவகத்தில் ஒரு தேக்கம் வைத்திருக்கிறது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து பார்க்கும். எழுதப்படாமல் 30 விநாடி கடந்த பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பும். இந்த எண்களை மாற்றலாம், ஆனால் உங்கள் கணினியில் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் கரண்ட் போனால், ஃபிளஷ் செய்த வரியும் போகலாம். கூட்ட நேரத்தில் அரை நிமிடம் என்பது இரண்டு மூன்று சீட்டு. உங்கள் மூன்றாவது கட்டி பிழைத்ததற்கும் இதுதான் காரணம்: அது கெர்னலிடம் போன பிறகு ஐம்பதுக்கு மேல் சீட்டு போட்டிருக்கிறீர்கள், அதற்குள் அது பத்திரமாக டிஸ்க்கில் இறங்கிவிட்டது.

இரண்டாவது நண்பர் ஃபிளஷ் போதாது என்றது சரி, அதற்குச் சொன்ன மருந்து தப்பு. எஃப்குளோஸ் உள்ளுக்குள் செய்வதும் பஃபரைக் காலிசெய்து கோப்பை விடுவிப்பதுதான். டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்பதில்லை. மூடி மூடித் திறப்பதால் ஃபிளஷ் தரும் பாதுகாப்பே கிடைக்கும், வேலை மட்டும் கூடும். ‘குளோஸ் பண்ணினால் சேவ் ஆகிவிடும்’ என்ற இந்த நம்பிக்கையை அனுபவம் உள்ளவர்களிடமும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அழைப்பு எஃப்சிங்க். அது கெர்னலின் தேக்கத்தில் உள்ள அந்தக் கோப்பின் பக்கங்களை எழுதச் சொல்லி, டிஸ்க் தன் சொந்த நினைவகத்தில் வைத்திருப்பதையும் இறக்கச் சொல்லி, முடிந்தபிறகுதான் திரும்பி வரும். இதற்குக் கோப்பின் எண் வேண்டும்; ஃபைல்நோ என்ற அழைப்பு அதைத் தரும். வரிசை முக்கியம்: முதலில் எஃப்ஃபிளஷ், பிறகு எஃப்சிங்க். மாற்றிப் போட்டால், கெர்னலிடம் இன்னும் வந்து சேராத வரியை எழுதச் சொல்கிறீர்கள். அது எதையும் எழுதாமல் ‘ஆயிற்று’ என்று திரும்பிவிடும். விண்டோஸில் இதே வேலைக்கு ஃபிளஷ்ஃபைல்பஃபர்ஸ் இருக்கிறது. மேக்கில் எஃப்சிங்க் டிஸ்க்கின் சொந்த நினைவகம்வரை போகாது, அதற்கு எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாக ஒன்று உண்டு. பின்னாளில் வேறு கணினிக்கு மாற்றினால் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது நண்பரின் பயத்தில் ஒரு சின்ன நியாயம் உண்டு, ஆனால் இந்தக் கவுண்டருக்கு அது பொருந்தாது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. ஒரு எஃப்சிங்குக்குச் சில சுற்றுகள் பிடித்தாலும் கண் இமைக்கும் நேரம்தான். பக்தர் தன் பேரன் நட்சத்திரம் என்னவென்று யோசித்துச் சொல்வதற்குள் நூறு எஃப்சிங்க் போடலாம். ஒரு நாளைக்குச் சில நூறு சின்ன எழுத்துகளால் எந்த டிஸ்க்கும் தேயாது. ஒரு லட்சம் வரிகளை ஒரே மூச்சில் எழுதும் நிரலில் வரிக்கு ஒரு எஃப்சிங்க் போட்டால் மட்டும் அது தவழும். அங்கே கடைசியில் ஒன்று போட்டால் போதும்.

எந்த இடத்தில் போடுவது என்பதற்கு என் அளவுகோல் இது: நிரல் வெளியாள் ஒருவரிடம் ‘முடிந்தது’ என்று சொல்வதற்கு முந்தைய நொடி. உங்கள் நிரலில் அந்த ‘முடிந்தது’ அச்சாகி வரும் சீட்டு. இப்போது நீங்கள் சீட்டை முதலில் அச்சிட்டு, பிறகு வரியை எழுதுகிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். வரியை எழுது, ஃபிளஷ் செய், சிங்க் செய், மூன்றும் வெற்றி என்றால் மட்டும் சீட்டை அச்சிடு. இடையில் கரண்ட் போனால், கணக்கில் ஒரு வரி இருக்கும், சீட்டு வராமல் பக்தர் எதிரிலேயே நிற்பார். அதை நேருக்கு நேர் சரிசெய்துகொள்ளலாம். சீட்டோடு வீட்டுக்குப் போனவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

‘வெற்றி என்றால்’ என்று சொன்னேனே, அதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய நிரலில் ஓர் அழைப்பின் விடையைக்கூடச் சோதிக்கவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டால் எஃப்பிரிண்ட்எஃப் சந்தோஷமாக ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும், ஏனென்றால் அது எழுதியது பஃபரில். ஃபிளஷ் செய்யும்போதுதான் இடமில்லை என்பது தெரியவரும். எஃப்சிங்க் தோற்றால் இன்னும் கவனம் வேண்டும்: மறுபடி ஒருமுறை கூப்பிட்டு, அது வெற்றி என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது. லினக்ஸில் முதல் தோல்விக்குப் பிறகு, எழுதப்படாத பக்கங்கள் எழுதப்பட்டவை போலக் குறிக்கப்பட்டுவிடலாம். இரண்டாவது அழைப்பு வெறுமனே தலையாட்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எழுதுகிறவர்களே 2018இல்தான் இதன் முழு விபரீதத்தை உணர்ந்து, எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளத்தையே நிறுத்தி, தன் பதிவேட்டிலிருந்து மீண்டும் தொடங்கும்படி மாற்றினார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். திரையில் பெரிதாக எச்சரிக்கை போட்டு, சீட்டு அச்சிடுவதை நிறுத்தி, கையெழுத்துப் புத்தகத்துக்கு மாறச் சொன்னால் போதும்.

அடுத்து அந்த எண் கோப்பு. அதற்கு பஃபரைக் குறை சொல்ல முடியாது. நிரல் தொடங்கும்போது எண்ணைப் படித்துவிட்டு, உடனே அதே கோப்பை ‘டபிள்யூ’ முறையில் திறக்கிறீர்கள். புதிய எண்ணை எழுதுவதோ நிரல் முடியும்போது. ‘டபிள்யூ’ என்றால் திறந்த கணமே பழையது காலி. அதாவது காலையிலிருந்து கரண்ட் போகும்வரை அந்தக் கோப்பு காலியாகத்தான் கிடந்தது. என் யோசனை, அந்தக் கோப்பையே தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் சீட்டு எண்ணையும் எழுதுங்கள். தொடங்கும்போது கணக்குக் கோப்பின் கடைசி முழு வரியைப் படித்தால் அடுத்த எண் கிடைத்துவிடும். ஒரே உண்மையை இரண்டு கோப்பில் வைத்தால் என்றாவது ஒருநாள் இரண்டும் சண்டை போடும்.

முழுக் கோப்பையும் மாற்றி எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை வேறு எங்காவது வந்தால் (விலைப்பட்டியல் போல), பழையதன் மேல் எழுதாதீர்கள். பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, ஃபிளஷ், சிங்க், குளோஸ் எல்லாம் செய்து, பிறகு ரீநேம் செய்யுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் ரீநேம் செய்தால் ஒன்று பழையது முழுசாக இருக்கும், இல்லை புதியது முழுசாக இருக்கும். பாதிப் பேர்வழி இருக்காது. புதிய கோப்பு உருவாகும்போதும் ரீநேமுக்குப் பிறகும் அது இருக்கும் அடைவுக்கும் (ஃபோல்டருக்கும்) ஒரு எஃப்சிங்க் போடுவது முறை, ஏனென்றால் பெயர் எழுதப்படுவது அடைவில். நீங்கள் தினமும் புதிய கோப்பு திறப்பதால் காலையில் ஒரு தடவை போட்டால் போதும்.

மறுதொடக்கத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. கோப்பின் கடைசி பைட் வரிமுடிவா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைசி வரி குறைப்பிரசவம். அதை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் சேர்த்தால், சாயங்காலத்தின் முதல் வரி அந்தப் பாதியோடு ஒட்டிக்கொள்ளும். அன்று உங்களுக்கும் அப்படி ஒட்டியிருக்கும், பாருங்கள். பாதி வரியை வேறொரு கோப்பில் எடுத்து வைத்துவிட்டு, கணக்குக் கோப்பைக் கடைசி முழு வரியோடு வெட்டிவிடுங்கள். எஃப்சிங்க் போட்டாலும் இந்தச் சோதனை தேவைதான், எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகலாம் இல்லையா?

நிரலில் பிழைதிருத்தத்துக்காக நீங்கள் எழுதும் இன்னொரு பதிவு இருக்கிறதே, அதற்கு எஃப்சிங்க் எல்லாம் வேண்டாம். கோப்பைத் திறந்ததும், வேறு எதுவும் செய்வதற்கு முன், செட்விபஃப் போட்டு வரிக்கு வரி அனுப்பும் முறைக்கு மாற்றுங்கள். நிரல் விழுந்தால் ஏன் விழுந்தது என்று தெரியும், அது போதும். மாதக் கடைசி அறிக்கைக்கு அதுகூட வேண்டாம். போனால் கணக்குக் கோப்பிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். பயத்தில் எல்லா இடத்திலும் ஃபிளஷ் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் எது முக்கியமான எழுத்து, எது இல்லை என்று அவர்கள் நிரலைப் படித்து யாருக்கும் புரியாது.

பிறகு ஒரு யூபிஎஸ் வாங்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். நம் பக்கத்து மழைக்காலத்தில் இடி இடித்து ட்ரிப் ஆவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் யூபிஎஸ் வந்துவிட்டது என்பதற்காக எஃப்சிங்கை எடுத்துவிடாதீர்கள். யாராவது கால் தடுக்கி பிளக்கைப் பிடுங்கினால் யூபிஎஸ் என்ன செய்யும்? கோப்பைப் பென்டிரைவில் வைப்பதும் வேண்டாம். மலிவான சில சாதனங்கள் எழுதாமலேயே எழுதிவிட்டதாகச் சொல்லும். அங்கே எஃப்சிங்கின் வாக்குக்கும் மதிப்பில்லை.

திருத்தியபின் சோதிப்பது எப்படி? முதலில் பழைய நிரலையே எடுத்து, பத்து வரி எழுதி, கண்ட்ரோல்-சி அழுத்துங்கள். கோப்பு 0 பைட் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு புதியதில் அதையே செய்யுங்கள், பத்தும் இருக்க வேண்டும். நிரல் இயங்குதளத்தைக் கூப்பிடுவதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியில் நிரலை ஓட்டினால் இன்னும் தெளிவு: பழையதில் ஐம்பது அறுபது சீட்டுக்கு ஒரு ரைட் வரும், புதியதில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ரைட்டும் அதன் பின்னாலேயே ஒரு எஃப்சிங்க்கும் வரும். எஃப்சிங்க் உண்மையில் காப்பாற்றுகிறதா என்று பார்க்க, கூட்டமில்லாத ஒரு நாள் பொருளாளர் ஐயாவையே அழைத்து, ஒரு சீட்டு வெளியே வந்த அதே நொடியில் அவர் கையாலேயே சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அதுவரையிலான கணக்கைப் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.